அளவுச் சங்கிலி யார் கையில்?



இந்தத் தலையங்கத்தை ஒரு கடன் விண்ணப்பத்திலிருந்து தொடங்குகிறேன். கவிதை எழுதுகிறவனுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். பகல் முழுக்க என் கைக்கு வந்து போவது அதுதான்.

2020ஆம் ஆண்டு. நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளையின் ஊர் புது மாவட்டத்துக்குள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. குறை ஓர் ஊரோடு நிற்பதாயிருந்தால் எழுதியிருப்பேன். கவுண்டருக்கு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். காலனிக்காரர். கறவை மாடு வாங்க மானியக் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தார். பழைய மாவட்டத்தில் நேர்காணல் முடிந்து, பட்டியலில் பேரும் வந்தாகிவிட்டது. காகிதம் எங்களிடம் வர வேண்டிய நேரத்தில் மாவட்டத்தைப் பிரித்துவிட்டார்கள். பழைய அலுவலகத்தில் கேட்டால் “அனுப்பிட்டோம்” என்கிறார்கள். புது அலுவலகத்தில் கேட்டால் “வந்து சேரல” என்கிறார்கள். நாலு நடை நடந்தபின் கடைசியாக, “புதுசா எழுதிப் போடும்மா” என்று முடித்துவிட்டார்கள்.

கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: “நான் எங்கியும் போவல தம்பி. ஊரும் அங்கியேதான் கீது. அப்ப என் பேப்பரு மட்டும் எங்க போச்சு?”

நான் பதில் சொல்லவில்லை. புது விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் புள்ளி வைத்துக் காட்டினேன். வேறென்ன செய்ய? அந்த வருட ஒதுக்கீடு தீர்ந்தது. அடுத்த வருடப் பட்டியலில் அவர் பேர் இல்லை. மாடு வாங்கினார், கந்துவட்டிக்கு வாங்கினார்.

இதில் சொல்லக் கூசுகிற சங்கதி ஒன்று உண்டு. அந்தப் புது மாவட்டம் வேண்டும் என்று அரசுக்குப் போன மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது. வணிகர் சங்கம், வழக்கறிஞர் சங்கம், ஓய்வூதியர் சங்கம் என்று எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன். “நம்ம ஊர் தலைநகரம் ஆகுது சார்” என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான். அந்த மனுவைச் சேரியில் யாரும் வாசித்துக் காட்டவில்லை. சேரியிலிருந்து வந்த நானும் காட்டவில்லை. அது இன்னும் உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

*

1956இல் மாநிலங்களைத் திருத்தியமைத்தபோது இந்த மாநிலத்தில் 13 மாவட்டங்கள். இன்று 38. கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று ஐந்து மாவட்டங்கள் 2019 நவம்பர் என்ற ஒரே மாதத்தில் நடைமுறைக்கு வந்தன. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை வந்தது. ஒவ்வொரு தடவையும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: மக்கள் அலைய வேண்டாம், ஆட்சியர் பக்கத்தில் வருவார்.

இது பொய்க்காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தூரம் நமக்கு உயிர்ப் பிரச்சினை. கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு தேடிக்கொண்டு, திங்கட்கிழமை மனுநாளுக்குப் போகிறவர்கள் நம்மவர்கள்தான். பண்ணையாருக்கு ஆட்சியர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒன்றுதான். அவரிடம் வண்டி இருக்கிறது. மாவட்டம் சிறியதாவதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை.

ஆனால் பக்கத்தில் வருவது எது என்று பார்க்க வேண்டும். மேலவளவு முருகேசனை நினைத்துப் பாருங்கள். 1996இல் தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்த தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஆட்சியர் அலுவலகம் மேலூரிலேயே இருந்திருந்தால் அந்த வெட்டு விழாமல் போயிருக்குமா? தலைவர் நாற்காலியில் ஒரு பறையர் உட்காரக் கூடாது என்று முடிவு செய்தவனுக்குத் தூரம் ஒரு கணக்கே இல்லை. அவர் செத்த மறுநாள், 1997 ஜூலை 1 அன்று, செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டு மாவட்டங்கள் தொடங்கப்பட்டன. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என்றாலும் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்தே நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

*

மாவட்டத்தைப் பிரிப்பது வரைபடத்தில் கோடு இழுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. கோடு விழுந்ததும் எண்ணிக்கை மாறுகிறது. அரசியல் சட்டத்தின் 243-டி பிரிவின்படி, ஓர் ஊராட்சிப் பகுதியில் பட்டியல் சாதியினர் எத்தனை பங்கோ அத்தனை பங்கு இடங்கள் அவர்களுக்கு. மாவட்ட ஊராட்சிக்கும் இதுதான் விதி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். திருவாரூர் மாவட்டத்தில் 34. பழைய விழுப்புரத்தில் 29. கன்னியாகுமரியில் 4. இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கும்போது, எந்தச் சேரி கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பது எத்தனை நாற்காலி நமக்கு என்பதைத் தீர்மானிக்கிற விஷயம். ஆனால் கோடு போடும் முன்னால் இந்தக் கணக்கை எந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்திலாவது யாராவது வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? எந்த ஊர் தலைநகரம், எங்கே பஸ் நிலையம், எந்த வட்டம் எங்கே சேரும் என்பதைத்தான் நான் கேட்டேன்.

கோடு அவசரமாக விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். தமிழகத்தில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற உத்தரவால் ரத்தாகி, தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று வருடம் கழித்து, 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஊரகத் தேர்தல் என்றார்கள். அதற்கு முந்தின மாதம்தான் ஐந்து மாவட்டங்களைப் பிரித்திருந்தார்கள். வார்டு வரையறை செய்யவில்லை. பிரிந்த மாவட்டங்களில் வரையறையை முடிக்காமல் தேர்தல் நடத்தக் கூடாது என்று டிசம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி ஆகிய ஒன்பது மாவட்டங்கள் மட்டும் வெளியே நின்றன. பிறகு கொரோனா, பிறகு சட்டமன்றத் தேர்தல். கடைசியில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் வாக்குப்பதிவு நடந்தது.

ஐந்து வருடம். ஒரு முழுப் பதவிக்காலம். இந்த ஒன்பதில் பெரும்பாலானவை சேரிகள் அடர்ந்த வட மாவட்டங்கள். அங்கே ஒரு தலித் பெண் ஊராட்சித் தலைவராகி, காசோலையில் கையெழுத்துப் போட்டு, குடிநீர்க் குழாயைச் சேரிப் பக்கம் திருப்பியிருக்கக்கூடிய ஐந்து வருடம் அது.

பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் என்ற பேர்களை இளைய தோழர்களும் அறிந்திருப்பீர்கள். தனித்தொகுதியானதும் அந்த ஊராட்சிகளில் ஆதிக்க சாதிகள் 1996 தொடங்கிப் பத்து வருடம் தேர்தலை நடக்கவிடவில்லை. யாரும் மனு போடக் கூடாது. மீறிப் போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்துவிட வேண்டும். 2006இல்தான் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் நிலைத்தார்கள். நாலு ஊராட்சிக்காக இயக்கங்கள் தெருவில் நின்றன, பத்திரிகைகள் எழுதின. அது நியாயம். ஒன்பது மாவட்டத்தில் அதே நாற்காலிகள் காலியாகக் கிடந்தபோது நாம் என்ன செய்தோம்? “நிர்வாகக் காரணம்” என்று சொன்னதும் சும்மா இருந்துவிட்டோம். அரிவாளோடு வந்து தடுத்தால் நமக்குப் புரிகிறது. அரசாணையோடு வந்தால் புரிவதில்லை.

*

அடுத்தது பெயர். எங்கள் வீட்டு மரப்பெட்டியில் அப்பாவுக்கு வந்த பழைய கார்டுகள் இருக்கின்றன. முகவரியின் கடைசி வரியில் “வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்” என்றிருக்கும். 1989இல் வடஆற்காட்டை இரண்டாக்கியபோது ஒரு பாதி திருவண்ணாமலை சம்புவராயர், இன்னொரு பாதி அம்பேத்கர். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அந்தப் பேரைச் சொல்லி ஊர் சொல்வாளாம். எனக்கு விவரம் தெரிவதற்குள் அது போய்விட்டது.

போன விதம் உங்களுக்குத் தெரியும். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவர், தேவேந்திரர். அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கல் எறிந்தார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. அரசு என்ன செய்தது? கல் எறிந்தவனைத் திருத்த முடியாது என்று, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பேரை எடுத்துவிட்டது. பெரியார், காமராஜர், அம்பேத்கர், காயிதே மில்லத், எல்லோருமே போனார்கள். இதற்குச் சமத்துவம் என்று பேர் வைத்தார்கள். ஒரு தலித் பேரைத் தாங்க முடியாதபோது இந்த மாநிலம் தன் தலைவர்கள் எல்லோரையுமே இறக்கிவைக்கத் தயாராயிருந்தது.

இது தமிழ்நாட்டின் நோய் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆந்திரத்தில் 2022 ஏப்ரல் 4 அன்று 13 மாவட்டங்களை 26 ஆக்கினார்கள். நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒரு மாவட்டம் என்பது கணக்கு. கிழக்கு கோதாவரியிலிருந்து பிரிந்த கோனசீமாவின் தலைநகர் அமலாபுரம், அது தனித்தொகுதி. மாவட்டம் பிரிந்ததற்கு அங்கே கல் விழவில்லை. அடுத்த மாதம் அம்பேத்கர் பேரைச் சேர்க்க அறிவிப்பு வந்ததும்தான் விழுந்தது. மே 24 அன்று அமலாபுரத்தில் தலித் அமைச்சர் ஒருவரின் வீட்டையும் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வீட்டையும் கொளுத்தினார்கள். ஆனால் அந்த அரசு பின்வாங்கவில்லை. ஜூனில் அமைச்சரவை அதை உறுதி செய்தது, டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் கோனசீமா மாவட்டம் என்ற பேர் நின்றது. தீ வைத்தவனுக்கு முன்னால் ஓர் அரசு நிற்க முடியும் என்பதற்கு இது சாட்சி. 1997இல் நம் ஊரிலும் நின்றிருக்கலாம்.

அதே சமயம், பேரோடு நின்றுவிடுவதிலும் ஆபத்து உண்டு. உத்தரப் பிரதேசத்தில் மாயாவதி மாவட்டங்களைப் பிரித்தும் பேர் மாற்றியும் புலே, சாகு மகராஜ், ரமாபாய், கன்ஷிராம் என்று நம்மவர்கள் பேரை வரைபடத்தில் எழுதினார். 2012இல் ஆட்சி மாறியதும் எட்டு மாவட்டங்களின் பேரை ஒரே முடிவில் மாற்றிவிட்டார்கள். பேர் வேண்டும், அதற்காக நான் சண்டை போடுவேன். ஆனால் அரசாணையால் வந்த பேர் அரசாணையாலேயே போகும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டும்.

*

அவ்வளவு சுலபமாக அழியாதது நிலம் என்று நினைத்திருந்தேன். செங்கல்பட்டு அந்த நினைப்பையும் கெடுத்துவிட்டது.

செங்கல்பட்டு மாவட்டத்து ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அது இன்று யார் யார் கையில் இருக்கிறது என்று ஊரில் கேட்டால் குழந்தைகூடச் சொல்லும்.

மாமல்லபுரம் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலையை அகற்றினார்கள். அதற்கு எதிராகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அப்போது அது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது. 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் ஆனது. காரணை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் மாவட்டம் மாறிக்கொண்டிருக்கிறது. அலுவலகம் மாறும்போது மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி, இன்னொரு கட்டிடத்தில் இறக்குகிற காகிதங்களில் ‘ஏ’ பதிவேடுகளும் உண்டு. அந்தக் காகிதங்களைத் தவிர நம்மிடம் வேறு சாட்சி கிடையாது. ஒரு மாட்டுக்கடன் விண்ணப்பமே இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் காணாமல் போகும் என்றால், நூறு வருடப் பதிவேட்டுக்கு யார் பொறுப்பு?

*

என்ன செய்யலாம்? இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது கோரிக்கை. மாவட்டம் பிரிப்பதாயிருந்தால், எந்தச் சேரி எந்தப் பக்கம், இரு பக்கமும் நம் பங்கு எத்தனை சதவீதம் என்று ஊர்வாரியாக முதலில் வெளியிட வேண்டும். கருத்துக்கேட்பை நகரத்துக் கல்யாண மண்டபத்தோடு நிறுத்தாமல் சேரியிலும் நடத்த வேண்டும். வார்டு வரையறையை முடித்த பிறகே புது மாவட்டம் நடைமுறைக்கு வர வேண்டும்; பிரிவினையைக் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது. பஞ்சமி நிலப் பட்டியலைக் கிராமவாரியாக அச்சிட்டு ஒட்டிய பிறகே கோப்புகள் லாரி ஏற வேண்டும். நிலுவையிலுள்ள கடன், பட்டா, இழப்பீட்டு விண்ணப்பங்கள் பழைய வரிசை எண்ணோடு புது அலுவலகத்துக்கு வர வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 17ஆவது விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினரிலிருந்து அதிகாரி அல்லாத உறுப்பினர்கள் ஐந்து பேர் வரை அதில் உட்காரலாம். புது மாவட்டம் என்றால் புதுக் குழு, புதிதாக ஐந்து நாற்காலி. திறப்பு விழா மேடையோடு அன்றைக்கே இதையும் அமைக்க வேண்டும். சிறப்பு நீதிமன்றத்தைப் பற்றிச் சட்டம் “ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மாவட்டங்களுக்கு” என்றுதான் சொல்கிறது. மாவட்டம் பிரிந்தாலும் வழக்குக்குப் பழைய தலைநகருக்கே அலைய வேண்டிவரலாம் என்று அதற்கு அர்த்தம். ஆட்சியர் பக்கத்தில் வந்தது போல நீதிமன்றமும் வர வேண்டும் என்று கேட்போம்.

இரண்டாவது, நாமே செய்ய வேண்டிய வேலை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, மாவட்ட, வட்ட, கிராம எல்லை மாற்றங்களை 2025 டிசம்பர் 31க்குள் முடித்துவிட வேண்டும், கணக்கெடுப்பு முடியும்வரை தொடக் கூடாது என்று ஒன்றிய அரசு சொல்லியிருக்கிறது. கணக்கு முடிந்ததும் புது எண்ணிக்கையோடு அளவுச் சங்கிலி மறுபடி வெளியே வரும். புது மாவட்டக் கோரிக்கை இல்லாத ஊர் உண்டா என்ன? அதற்குள் நம் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் மாவட்டத்துக்கு ஒரு மனு போடுங்கள். 17ஆவது விதிக் குழு எப்போது அமைக்கப்பட்டது? கடந்த இரண்டு வருடத்தில் எந்தெந்தத் தேதியில் கூடியது? அதிகாரி அல்லாத உறுப்பினர்கள் யார் யார்? உங்கள் வட்டத்தில் பஞ்சமி என்று பதிவான நிலம் எந்தெந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர்? மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பதிவேடுகள் புது அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டன, யார் கையெழுத்தில்? இந்த ஐந்து கேள்வி போதும். பதில் வந்தாலும் அனுப்புங்கள், பதில் வராவிட்டால் போட்ட மனுவின் நகலை அனுப்புங்கள்.

வர வர இதழில் வெளியிடுவோம். பக்கம் போதாமல் போனால் கவிதைகளைக் குறைப்போம். கவிஞர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், காத்திருக்கிற கட்டில் என்னுடையதும் ஒன்று கிடக்கிறது. முதல் மனுவை நான் போட்டுவிட்டேன். அந்த அம்மா கேட்ட கேள்விக்குக் கவுண்டரில் சொல்லாத பதிலை அங்கிருந்து தேட ஆரம்பித்திருக்கிறேன்.